தேனீப் பெட்டியில் என்ன கோளாறு? காவிரி டெல்டாவில் புதிதாக வளர்ப்பவர்களுக்கு

பாபநாசம், திருவையாறு, மன்னார்குடிப் பக்கம் புதிதாகப் பெட்டி வைத்தவர்கள் கூப்பிடும்போது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "ஈக்கு ஏதோ சீக்கு வந்துடுச்சு, வந்து பாருங்க." போய்த் திறந்தால் பல பெட்டிகளில் சீக்கு எதுவும் இருக்காது, பசிதான் இருக்கும். சுற்றிலும் இவ்வளவு பச்சை இருக்கிறதே, ஈக்கு என்ன குறை என்று கேட்பார்கள். அந்தப் பச்சை நெல். நெற்பூவில் தேன் கிடையாது. பூ விரியும் காலை நேரத்தில் கொஞ்சம் மகரந்தம் கிடைக்கும், அவ்வளவுதான். அதனால் கீழே எந்த அறிகுறியைப் பார்த்து வந்திருந்தாலும், முதலில் பெட்டிக்குள் சாப்பாடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இங்கே சொல்வது எல்லாம் மரப்பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீக்கு, அதாவது அடுக்குத் தேனீக்கு. இத்தாலியத் தேனீக்கும் கொசுத் தேனீக்கும் இது அப்படியே பொருந்தாது.

## திறப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியது

பெட்டியின் பின்பக்கத்தைக் கையால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். வாராவாரம் தூக்கினால் எடை கூடுகிறதா குறைகிறதா என்று கைக்கே பழகிவிடும். அப்புறம் பக்கவாட்டில் நின்று வாசலைப் பத்து நிமிடம் கவனியுங்கள். பின்னங்காலில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ மகரந்த உருண்டையோடு ஈக்கள் உள்ளே போனால் உள்ளே புழு வளர்கிறது, ராணியும் பெரும்பாலும் நலம். அப்படியானால் அவசரப்பட்டுத் திறக்க வேண்டாம்.

திறந்தே ஆக வேண்டுமென்றால் காற்றும் தூறலும் இல்லாத நாளில், காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் திறக்கலாம். வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் தேவையில்லை.

## பெட்டி காலி. ஒரு ஈகூட இல்லை

### வந்த ஒரு வாரத்துக்குள் போய்விட்டது என்றால்

முதலில் பெட்டியை முகர்ந்து பாருங்கள். உட்பக்கம் வார்னிஷ், பெயின்ட் வாடை வந்தால் ஈ தங்காது. பெயின்ட் வெளிப்பக்கம் மட்டும் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே குடும்பத்தை ஏற்ற வேண்டும்.

அடுத்து எறும்பு. பெட்டிக்காலின் கீழ் இருக்கும் கிண்ணத்தில் தண்ணீர் வற்றியிருக்கிறதா, பக்கத்துப் புல்லோ கிளையோ பெட்டியைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஒரு கோரைத் தாள் சாய்ந்து தொட்டாலே போதும், கட்டெறும்பு அதில் ஏறி வந்துவிடும். கிண்ணத்துத் தண்ணீரில் கொஞ்சம் பழைய இன்ஜின் ஆயில் விட்டால் சீக்கிரம் வற்றாது, கொசுவும் முட்டையிடாது. டெங்குக் காலத்தில் இதையும் யோசிக்க வேண்டும்.

மரப்பொந்திலிருந்தோ சுவர் இடுக்கிலிருந்தோ பிடித்து வந்த குடும்பம் என்றால், ராணி கூட வந்ததா என்பது மூன்றாவது கேள்வி. வந்திருந்தால் வாசலில் ராணித் தடுப்புத் தகடு போட்டு நான்கைந்து நாள் வைக்கலாம். வேலைக்கார ஈ போய்வரும், ராணி வெளியே வர முடியாது. ராணி இல்லாமல் மற்றவை கிளம்பாது. அதற்கு மேல் நாள் கடத்தாமல் தகட்டை எடுத்துவிடுங்கள், ஆண் ஈக்களும் அடைபட்டுக் கிடக்கும். பழைய கூட்டில் புழு இருக்கும் அடையை (மெழுகுத் தட்டை) வெட்டி வாழைநாரால் பெட்டியின் மரச் சட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது. புழுவை விட்டுவிட்டு ஈ எளிதில் ஓடாது.

### பல மாதம் இருந்துவிட்டுப் போனது என்றால்

விட்டுப்போன அடைகளைப் பாருங்கள், காரணம் அதிலேயே இருக்கும். தேனும் இல்லை, மகரந்தமும் இல்லை, அடை காய்ந்து கிடக்கிறது என்றால் பசி. நூலாம்படையும் வெள்ளைப் புழுவும் இருந்தால் மெழுகுப் பூச்சி. புழுக்கள் அடையின் சிற்றறைக்குள்ளேயே செத்திருந்தால் நோய். அப்படிப்பட்ட அடையை அடுத்த குடும்பத்துக்குக் கொடுக்கவே கூடாது. எதுவும் தப்பாகத் தெரியவில்லை என்றால் வெயிலும், அடிக்கடி திறந்து தொந்தரவு செய்ததும்தான் காரணமாக இருக்கும்.

### பாதி போய்ப் பாதி இருக்கிறது என்றால்

இது ஓட்டமில்லை. குடும்பம் பெருத்துப் பிரிந்திருக்கிறது. தை கடைசியிலிருந்து பங்குனி வரை இது நடக்கும். அடையின் கீழ் ஓரத்தில் நிலக்கடலைபோல் தொங்கும் ராணி அறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புது ராணி வரப்போகிறது. நல்லதாக ஒன்றிரண்டை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பிரிந்த கூட்டம் பக்கத்து மாமரத்திலோ முருங்கையிலோ சில மணி நேரம் கொத்தாகத் தொங்கும். எட்டும் உயரத்தில் இருந்தால் வேறு பெட்டிக்குப் பிடித்துவிடலாம். தென்னை உச்சியில் இருந்தால் விட்டுவிடுங்கள்.

எப்போது ஆள் கூப்பிடுவது: இரண்டாவது முறையும் குடும்பம் ஓடினால். மூன்றாவது குடும்பத்தைக் காசு கொடுத்து வாங்குவதற்கு முன், ஈ கொடுத்தவரை நேரில் அழைத்து இடத்தைக் காட்டுங்கள். பல நேரம் பெட்டி சரியாகவே இருக்கும், இடம்தான் சரியில்லாமல் இருக்கும்.

## ஈ நாளுக்கு நாள் குறைகிறது, அடை லேசாக இருக்கிறது

டெல்டாவில் புதிதாக வளர்ப்பவரை அதிகம் தோற்கடிப்பது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் பக்கத்தில் ஈக்கு நல்ல காலம் சம்பா அறுப்புக்குப் பிறகுதான் தொடங்குகிறது. மாசி, பங்குனியில் நாவல், வேம்பு, புங்கன். சித்திரையில் எள் பூக்கும். வைகாசி, ஆனியில் புளி. ஆறு வாய்க்கால் எல்லாம் வறண்டு, நாம் வெயிலைத் திட்டிக்கொண்டிருக்கும்போதுதான் ஈ தேன் சேர்க்கிறது. மேட்டூர் திறந்து நடவு முடிந்து வயல் பச்சை கட்டியதும் நமக்கு மனம் குளிரும், ஈக்கு அடுப்பு அணையும். புரட்டாசியில் தொடங்கி மார்கழி வரை ஒரு பக்கம் பூ இல்லை, மறுபக்கம் வடகிழக்குப் பருவமழையில் வெளியே பறக்கவும் முடியாது. இந்த நான்கு மாதத்தைத் தாண்டவைப்பதுதான் முதல் வருடத்தின் உண்மையான பரீட்சை.

பயிற்சி முடித்த வேகத்தில் ஆவணி, புரட்டாசியில் பெட்டி வாங்குகிறவர்கள் நிறையப் பேர். வாங்கிய உடனே பஞ்சம் வந்துவிடுகிறது. தையில் வாங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். முடிந்தால் ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள். ஒன்றில் ராணி போனால் மற்றதிலிருந்து முட்டை அடை கொடுக்கலாம். ஒரே பெட்டி வைத்திருப்பவருக்கு அந்த வழி இல்லை.

### சோதனை

புழு அறையில், அதாவது முட்டையும் புழுவும் இருக்கும் பெட்டியின் கீழ்த்தளத்தில், சட்டம் ஒன்றைத் தூக்குங்கள். மேல் விளிம்பில் மூடியிட்ட தேன் ஒரு பட்டையாக இருக்க வேண்டும், அதன் கீழே மகரந்தம், அதற்கும் கீழே புழு. மேல் பட்டை காலியாக இருந்தால் பசி. ஈக்கள் அடையின் சிற்றறைக்குள் தலையை விட்டபடியே செத்திருந்தால் கடும் பட்டினி, அன்று மாலையே ஊட்ட வேண்டும்.

### சரிசெய்வது

செலவில்லாதது முதலில். புழு அறையின் மேல் விளிம்புத் தேனை நீங்கள் எடுத்திருந்தால், இனி எடுக்காதீர்கள். அது குடும்பத்தின் சேமிப்பு. நமக்கு உரியது மேலே இருக்கும் தேன் அறையில் உள்ளது மட்டும்.

அடுத்தது சர்க்கரைப் பாகு. ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, சர்க்கரையைக் கரைத்து, நன்றாக ஆறவிடுங்கள். வெல்லமும் கருப்பட்டியும் வேண்டாம், ஈக்கு வயிற்றுப்போக்கு வரும். சுமார் 200 மில்லி பாகைக் கிண்ணத்தில் ஊற்றி, ஈ மூழ்காமல் நின்று குடிக்க நாலு சுள்ளியைப் போட்டு, பெட்டிக்கு உள்ளே மேல் அறையில் வையுங்கள். இருட்டுகிற நேரத்தில்தான் வைக்க வேண்டும். பகலில் வைத்தாலோ வெளியே சிந்தினாலோ பக்கத்துக் கூட்டு ஈயும் எறும்பும் கொள்ளைக்கு வந்துவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, அடையில் மறுபடி தேன் பட்டை தெரியும்வரை கொடுக்கலாம். பூக்காலம் தொடங்கியதும் கண்டிப்பாக நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எடுக்கப்போவது தேனாக இருக்காது, சர்க்கரைப் பாகாகத்தான் இருக்கும்.

கொஞ்சம் மெனக்கெட முடிந்தால் கொல்லையில் வாழை, முருங்கை, எலுமிச்சை வையுங்கள். வரப்பில் முளைக்கும் தும்பையைக் களையென்று பிடுங்காதீர்கள்.

செலவும் உழைப்பும் அதிகமானது பெட்டியை இடம் மாற்றுவது. தென்னை வருடம் முழுக்கப் பாளை வெடித்துக்கொண்டே இருக்கும், அதில் தேனும் உண்டு மகரந்தமும் உண்டு. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்பில் தெரிந்தவர் இருந்தால் சம்பா முடியும்வரை அங்கே வைத்துவிடலாம். கொள்ளிடக்கரைப் படுகையில் பூக்கும் பருவத்து வாழைத்தோட்டமும் நல்ல இடம். இரவில் வாசலைக் கம்பிவலையால் அடைத்து, சட்டங்கள் ஆடாமல் கட்டி, விடிவதற்குள் கொண்டுபோய் இறக்குங்கள். தோப்பில் மரத்துக்கு நேர் கீழே வைக்காதீர்கள், ஒரு மட்டை விழுந்தால் பெட்டி போச்சு.

மழைக்காலத்தில் பெட்டி இருக்கும் இடம் மேடாக இருக்க வேண்டும், வாசல் பக்கம் சற்றே முன்சாய்வாக இருக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் மூடியோடும் தாங்கியோடும் சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

## வாசலில் ஈ குவியலாகச் செத்துக் கிடக்கிறது

தினமும் நாலைந்து செத்த ஈ கிடப்பது சாதாரணம். பஞ்சகாலத்தில் பருத்த உடம்புள்ள ஆண் ஈக்களைக் குடும்பமே வெளியே தள்ளும், அதுவும் கோளாறில்லை. ஆனால் பசியின் அடையாளம், ஆகவே அடையைப் பாருங்கள்.

### நாக்கு வெளியே நீட்டியபடி, ஒரே நாளில் கும்பலாகச் செத்திருந்தால்

பூச்சிமருந்து. சில ஈக்கள் உயிரோடு தரையில் சுற்றிச் சுழலும். பக்கத்து வயலில் யார் எப்போது தெளித்தார்கள் என்று விசாரியுங்கள். நெல்லில் பால் பிடிக்கும் நேரத்தில் கதிர்நாவாய்ப் பூச்சிக்கு அடிப்பார்கள். உளுந்து, பயறில் மஞ்சள் தேமலைப் பரப்பும் வெள்ளை ஈக்கு அடிப்பார்கள். பருத்தி இருந்தால் சொல்லவே வேண்டாம்.

செத்த ஈயைக் காப்பாற்ற வழியில்லை. மிச்சத்தைக் காப்பாற்றலாம்: செத்ததைக் கூட்டிப் புதைத்து, அன்று மாலை பாகு கொடுத்து, வெளியிலிருந்து தண்ணீர் தேடிப் போகாதபடி பெட்டியருகே சுத்தமான தண்ணீர் வையுங்கள். ராணியும் புழுவும் உள்ளே இருந்தால் சில வாரத்தில் குடும்பம் தேறிவிடும்.

அடுத்த முறைக்கு வேண்டியது பேச்சுதான். சுற்றியுள்ள வயல்காரர்களிடம் போய், "அண்ணே, மருந்தடிக்கிறதுக்கு முதல் நாள் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, முடிஞ்சா சாயங்காலமா அடிங்க" என்று கேளுங்கள். முதல் தேனில் ஒரு பாட்டிலை அவர்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். நான் பார்த்தவரை இதைச் செய்தவர்களுக்கு யாரும் சொல்லாமல் மருந்தடித்ததில்லை. தகவல் வந்தால் முதல் நாள் இரவே வாசலைக் கம்பிவலையால் அடைத்து, உள்ளே பாகு வைத்து, மேலே ஈரச் சாக்குப் போட்டு, மறுநாள் சாயங்காலம் திறந்துவிடுங்கள். அதற்கு மேல் அடைத்துவைத்தால் வெக்கையிலேயே செத்துவிடும்.

### ஈக்கள் வாசலில் கட்டிப்புரண்டு சண்டையிட்டால்

கொள்ளை. வேறு கூட்டு ஈ தேன் திருட வந்திருக்கிறது. ஒரு ஈ நுழையும் அளவுக்கு வாசலைக் குறுக்குங்கள், மூடியில் இடுக்கு இருந்தால் களிமண்ணால் அடையுங்கள்.

### ஈயோடு செத்த புழுவும் கிடந்தால்

அடுத்த பகுதிக்குப் போங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

## புழுக்கள் அறைக்குள்ளேயே சாகின்றன

அடையைச் சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, வெளிச்சம் அறைக்குள் விழும்படி பிடியுங்கள். நலமான புழு முத்து வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும்.

நீட்டிப் படுத்து, தலையை மேலே தூக்கியபடி, மஞ்சளாகிச் செத்திருந்தால் முள்முனையால் ஒன்றை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். தோல் கிழியாமல், உள்ளே நீர் கோத்து, பை மாதிரி முழுசாக வந்தால் அது தாய்சாக் என்கிற வைரஸ் நோய். 1990களின் தொடக்கத்தில் கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பெரும்பாலான அடுக்குத் தேனீக் குடும்பங்களை அழித்தது இந்த நோய்தான். இதற்கு மருந்து கிடையாது. மருந்து இருக்கிறது என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

நீங்கள் செய்யக்கூடியது: அந்தப் பெட்டியின் சட்டத்தையோ கருவியையோ வேறு பெட்டிக்குக் கொண்டுபோகாமல் இருப்பது, நோய் பிடித்த அடைகளை எடுத்து எரிப்பது, பாகு கொடுத்து ஈயின் பலத்தைக் கூட்டுவது. ராணியைச் சிறு கூண்டில் அடைத்துச் சில நாள் முட்டையிடாமல் வைப்பதும் உண்டு. புழு இல்லாத இடைவெளியில் நோயின் தொடர் அறுபடும். பலமான குடும்பங்கள் இதிலிருந்து மீண்டுவருவதைப் பார்த்திருக்கிறேன்.

புழு உருகி, முறுக்கிக்கொண்டு, புளித்த வாடை அடித்தால் அது பாக்டீரியா நோய். ஆன்டிபயாடிக் கரைத்து ஊற்றலாம் என்று கேள்விப்பட்டு நீங்களாக இறங்க வேண்டாம், தேனில் அது தங்கும்.

எப்போது ஆள் கூப்பிடுவது: இந்தப் பகுதியில் எது தெரிந்தாலும் அன்றே. நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களில் கேட்கலாம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறையிலும் கேட்கலாம். கேட்கும்போது அடையின் படத்தையும் காட்டுங்கள்.

## அடையில் நூலாம்படை, அடிப்பலகையில் கறுப்புத் தூள்

மெழுகுப் பூச்சி. பலமான குடும்பத்தை இது ஒன்றும் செய்யாது. ஈ மூடாத அடையில்தான் குடியேறும். நம் ஈக்குப் பழைய அடையைக் கடித்துக் கீழே தள்ளும் பழக்கம் உண்டு, அந்தத் தூளில்தான் பூச்சி பெருகும்.

வாரம் ஒருமுறை அடிப்பலகையைக் கழற்றிச் சுரண்டிவிடுங்கள், பாதித் தொல்லை போய்விடும். ஈ உட்காராத சட்டங்களை வெளியே எடுத்துக் குடும்பத்தை ஒடுக்குங்கள். நூல் பின்னிய அடையை வெட்டி எரித்துவிடுங்கள், கறுத்துப்போன பழைய அடையையும் சேர்த்தே கழியுங்கள். அப்புறம் குடும்பம் ஏன் மெலிந்தது என்று தேடுங்கள். பசியா, ராணியா?

## முட்டையே தெரியவில்லை

ராணியைத் தேடி ஒவ்வொரு சட்டமாகப் புரட்ட வேண்டாம். முட்டையைத் தேடுங்கள், அது போதும். அறையின் அடியில் மெல்லிய வெள்ளைக் குச்சியாக ஒன்றே ஒன்று நின்றால் ராணி இருக்கிறது.

முட்டை இல்லை, ஆனால் ராணி அறை இருக்கிறது என்றால் ஒரு மாதம் கை வைக்காதீர்கள். புது ராணி பிறந்து, பறந்து, ஆண் ஈயோடு சேர்ந்து வந்து முட்டையிட அவ்வளவு நாள் பிடிக்கும். ராணி அறையும் இல்லை என்றால் இன்னொரு பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள சட்டம் ஒன்றை, ஈயை உதறிவிட்டுக் கொடுங்கள். அவையே ராணி வளர்த்துக்கொள்ளும்.

ஒரே அறையில் மூன்று நான்கு முட்டை, அதுவும் சுவரில் தாறுமாறாக ஒட்டியிருந்தால், ராணி போய் நாளாகி வேலைக்கார ஈக்களே முட்டையிடுகின்றன. அதிலிருந்து ஆண் ஈ மட்டும்தான் வரும். இந்த நிலையில் புது ராணி கொடுத்தாலும் பெரும்பாலும் ஏற்காது. பலமான பெட்டியோடு இணைப்பதே வழி, அதற்குக் கை பழகியவரைக் கூப்பிடுங்கள்.

## ஈ வாசலில் கொத்தாகத் தொங்குகிறது

கத்திரி வெயிலில் இப்படி நடந்தால் உள்ளே புழுக்கம். பெட்டியை நிழலில் வையுங்கள், மதியம் மூடியின் மேல் நனைந்த சாக்குப் போடுங்கள். வாய்க்காலில் தண்ணீர் வராத மாதங்களில் கூழாங்கல் போட்ட தட்டில் தண்ணீர் வைத்தே ஆக வேண்டும்.

## திடீரென்று கொட்டத் தொடங்கிவிட்டது

மேகமூட்டம், சாரல், பஞ்சகாலம், சாயங்காலம் திறந்தது, எண்ணெய் அல்லது சென்ட் வாடை என்று இருக்கும் காரணங்களை முதலில் கழியுங்கள். வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் பெட்டியருகே போகாதீர்கள். கொட்டிய ஈ விடும் அபாய வாடையும் பழுத்த வாழை வாடையும் ஏறக்குறைய ஒன்று, அது எல்லா ஈயையும் உசுப்பிவிடும். தேங்காய் நாரில் புகைபோட்டு, வாசலில் இரண்டு மூன்று ஊது ஊதி, ஒரு நிமிடம் பொறுத்துத் திறங்கள். பெட்டி வாசல் மாட்டுக்கொட்டகையையோ நடைபாதையையோ பார்த்திருந்தால் திருப்பி வையுங்கள்.

கொட்டினால் கொடுக்கை நகத்தால் சுரண்டி உடனே எடுங்கள், வீங்கி அரிப்பது சகஜம். மூச்சு முட்டுவது, முகமும் உதடும் வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, தலை சுற்றுவது என்று எது வந்தாலும் கைவைத்தியம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இதற்கு முன் ஒருமுறை அப்படி ஆனவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் பெட்டி பக்கம் போகவே கூடாது.

## எடுத்த தேன் நுரைத்துப் புளிக்கிறது

தேன் முதிர்வதற்கு முன் எடுத்திருக்கிறீர்கள். நீர் அதிகமான தேன் பாட்டிலில் புளிக்கும். 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது, நம் கடலோரக் காற்றில் அந்த அளவுக்கு வற்ற ஈக்கு நாளாகும். தேன் அறைச் சட்டத்தில் முக்கால் பங்குக்கு மேல் மெழுகு மூடி போட்ட பிறகே எடுங்கள். மூடாததை உதறிப் பாருங்கள், துளி தெறித்தால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள். அடையைக் கையால் பிழியாமல் தேன் எடுக்கும் கருவியில் சுற்றி எடுத்தால் புழுச்சாறு கலக்காது, அடையையும் திரும்பக் கொடுக்கலாம். ஏற்கெனவே புளித்ததை விற்காதீர்கள், ஈக்கும் ஊட்டாதீர்கள்.